நல்லெண்ணம் வழி காட்டுமா?

தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையில், பெருஞ்சாலையும் புறவழிச்சாலையும் கூடுமிடத்தில் அமைந்தது எங்கள் இரும்புலியூர். இரவும் பகலும் ஊர்திகளின் இரைச்சல் ஓயாத ஊர். வெள்ளிக்கிழமை மாலையானால், முதுகில் பை சுமந்த இளைஞர்கள் தெற்கு நோக்கிச் செல்லும் பேருந்துகளைத் தேடிச் சாரி சாரியாகப் போவதைக் காண்கிறோம். அவர்களுள் பெற்றோரைக் காணச் சொந்த ஊர் செல்வோர் ஒரு பங்கினர்; மலை ஏறிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை காலை அலுவலகம் திரும்புவோர் இன்னொரு பங்கினர். இந்த இரண்டாம் பங்கினர் ஆண்டுக்காண்டு பெருகி வருகின்றனர்.

அத்தகைய இளைஞர் ஒருவர், சிறுவயதில் எம்மிடம் ஓதியவர், மாசி மாதத்தில் ஒருநாள் மஃரிபுத் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்து ஸலாம் கூறி அமர்ந்தார்.

“ஹஸ்ரத், நம் மஹல்லாப் பிள்ளைகள் பதினைந்து பேர் மலைக்குப் போகிறோம். என்னைத்தான் பொறுப்பாக வைத்திருக்கிறார்கள். தாங்கள் துஆச் செய்ய வேண்டும்.”

பதினைவருள் பன்னிரண்டு வயதுச் சிறுவர் இருவரும் உண்டெனக் கேட்டறிந்தேன்.

“அந்த மலையில் நீ முன்பு நடந்திருக்கிறாயா, தம்பி?”

“இல்லை ஹஸ்ரத். படங்கள் பார்த்திருக்கிறேன். கைப்பேசியே வழி காட்டிவிடும்.”

“யாருக்கேனும் கால் பிசகினால்?”

“இன்ஷா அல்லாஹ் ஒன்றும் ஆகாது. நிய்யத் நல்லதுதானே ஹஸ்ரத்? பிள்ளைகள் நல்ல காற்றைச் சுவாசிக்கட்டும், இறைவனின் படைப்பைப் பார்க்கட்டும் என்றுதானே அழைத்துப் போகிறேன்?”

துஆச் செய்வதற்கு நான் தயங்கியதில்லை. ஆனால் அன்று என் நா எழவில்லை. எண்ணம் நல்லதாயின் பிறர் உயிரைக் கையில் எடுத்துக்கொள்ளலாமா என்பதே அந்த இளைஞர் தாமறியாமல் என் முன் வைத்த கேள்வி. அதற்கு விடை கூற எனக்குத் தகுதி உண்டா என்ற ஐயமும் உடனெழுந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், விடுமுறை நாளொன்றில், ஓதும் பிள்ளைகள் பதினொருவரைச் செங்கற்பட்டுப் பக்கத்துக் குன்று ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். குன்று பெரிதன்று, பாறையும் முட்புதரும் நிறைந்தது. லுஹர் தொழுதுவிட்டு ஏறினோம். உச்சியில் நின்று ஏரிகளைக் காட்டினேன்; மலைகளைப் பற்றிய மறைவசனங்களுக்கு விளக்கம் சொன்னேன். உள்ளம் நிறைந்திருந்தது. இறங்கும்போது நானே முன்னால் நடந்தேன். தலைவன் முன்னால் நடப்பதே முறை என்று எண்ணியிருந்தேன். அடிவாரத்தில் எண்ணிப் பார்த்தால் பத்துப் பேரே இருந்தனர்.

அஸர் நேரம் நழுவிக்கொண்டிருந்தது. மேலேறிக் கூவினோம், விடையில்லை. கதிரவன் சாயும் நேரத்தில் ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் அந்தச் சிறுவனைக் கைப்பிடித்து, குன்றின் மறுபக்கத்திலிருந்து அழைத்து வந்தார். செருப்பு வார் அறுந்து பின்தங்கிய பிள்ளை, எங்களைக் காணாமல், தவறான தடத்தில் இறங்கிவிட்டிருக்கிறான். மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன் பாய், நீங்க முன்னாலயே போனா, பின்னால வர்ற புள்ளைய யாரு பாக்குறது?”

நூற்கள் பல ஓதியிருந்தும் அந்த அம்மையாருக்கு மறுமொழி என்னிடம் இல்லை. அன்று எனக்கு நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை, இல்லாதது அறிவு. பிள்ளை மீண்டது என் திறமையால் அன்று. இறைவனின் கருணையால், அந்த மூதாட்டியின் கண்பார்வையால்.

நிற்க. என் பிழை ஒரு மாலை நேரக் கவலையோடு முடிந்தது. எல்லாருக்கும் அவ்வாறு முடிவதில்லை. 2018 மார்ச் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் நிகழ்ந்ததை நாம் மறந்துவிடலாகாது. சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழுவும் குரங்கணி, கொழுக்குமலைப் பாதையில் நடந்து கொண்டிருந்தன. சென்னைக் குழுவில் பெரும்பாலோர் பெண்கள். சரிவில் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. வழிநடத்திச் சென்றவர்களிலும் சிலர் மாண்டனர். அவர்கள் தம்மோடு வந்தவர்களை விட்டு ஓடிய கோழைகள் அல்லர் என்பதை நாம் மரியாதையுடன் நினைவுகூர வேண்டும். யார்மீதும் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. அந்நிகழ்ச்சி நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றுண்டு. அதை மட்டும் நோக்குவோம்.

மாசி, பங்குனி மாதங்களில் மலைப்புல் காய்ந்து வைக்கோலாகக் கிடக்கும். சமவெளியில் பற்றும் தீயும் சரிவில் பற்றும் தீயும் ஒன்றல்ல. சுடர் மேலெழும்போது தனக்கு மேலுள்ள புல்லை முன்னதாகவே சூடேற்றி உலர்த்திவிடுகிறது. பகலில் வெயிலேறிய சரிவின் காற்றும் மேல்நோக்கியே வீசுகிறது. சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது காட்டுத்தீயை ஆய்ந்தோர் வகுத்த கணக்கு. மனிதனோ சரிவு கூடக் கூட மெதுவாகத்தான் ஏற முடியும். தீயைக் கண்டு உச்சியை நோக்கி ஓடுபவன், தன்னிலும் விரைவாக ஓடுவதோடு பந்தயம் வைக்கிறான். வெறும் பாறையையோ, ஏற்கெனவே எரிந்து அவிந்த நிலத்தையோ நாடுவதே உயிர் காக்கும் வழி. இது துணிவால் அறியத் தக்கதன்று. அன்பால் அறியத் தக்கதுமன்று. கற்றே அறிய வேண்டும். அதனினும் மேலாக, அந்த மாதங்களில் அந்தப் புல்வெளிக்குப் போகாமலிருப்பது நலம் என்பதையும் கற்றே அறிய வேண்டும்.

இப்போது கேள்விக்கு வருவோம். அறியாதவன் நல்லெண்ணத்தோடு ஒரு பொறுப்பை ஏற்கிறான், தீங்கு விளைகிறது. அவன் குற்றவாளியா?

நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் இக்கேள்வியை மலைப் பயணத்தில் வைத்துப் பேசவில்லை. மருத்துவத்தில் வைத்துப் பேசினார்கள். மருத்துவம் அறிந்தவரென்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்யப் புகுந்தால், விளையும் கேட்டுக்கு அவரே ‘ளாமின்’, அதாவது ஈடுகட்டும் பொறுப்பாளர் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று அபூதாவூத், நஸயீ ஆகிய தொகுப்புகளில் உண்டு. அதன்மீது ஃபிக்ஹு அறிஞர்கள் கட்டிய நியாயம் நுட்பமானது. கற்றுத் தேர்ந்த மருத்துவர், நோயாளியின் இசைவு பெற்று, முறை வழுவாமல் செய்த மருத்துவம் பலிக்காமற் போனால் அவர் பொறுப்பாளர் அல்லர். ஏனெனில் முடிவு அவர் கையில் இல்லை. முறை மட்டுமே அவர் கையில் உண்டு. கல்லாதவரோ, முறையைத் தம் கையில் வைத்திராமலே பிறர் உடலைத் தம் கையில் எடுத்தவர். அவர் நோயாளிமேல் கொண்ட பரிவு மெய்யானதாக இருக்கலாம். இறைவனிடம் அதற்குக் கூலியும் இருக்கலாம். ஆயினும் அப்பரிவு அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது.

இந்த நியாயத்தை மலைக்கு எடுத்துச் செல்வதில் பிழையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வழியறியாத கூட்டம் ஒருவனை நம்பி அவன் பின்னே நடக்கும்போது, நோயாளி மருத்துவனிடம் தன் உடலை ஒப்படைப்பது போலவே தம் உடல்களை ஒப்படைக்கிறது. பதினான்கு பேரின் கால்கள் அவனுடைய தீர்ப்பினால் நடக்கின்றன.

“நான் கூலி வாங்கவில்லையே, அன்பினால் அல்லவா அழைத்துச் செல்கிறேன்” எனச் சிலர் கூறக்கூடும். கூலி வாங்காதது ஈகைக் குணத்தைக் காட்டும், தகுதியைக் காட்டாது. இலவசமாகக் கொடுத்த மருந்தானாலும் நஞ்சு நஞ்சே. இன்னொரு உண்மையையும் எண்ணிப் பார்க்கலாம். கூலிக்கு வந்தவனைக் கூட்டத்தினர் ஐயுற்றுக் கேள்வி கேட்பர். அன்பினால் அழைப்பவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆகையால் அவனே தன்னைக் கேள்வி கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவன்.

“எல்லாம் கத்ருப்படி, வருவது வந்தே தீரும்” என்பது வேறு சிலர் வாதம். இவ்வாதத்திற்கு நம் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில், கலீஃபா உமர் (ரலி) படைத்தலைவர்களைக் காணச் சிரியா நோக்கிப் பயணமானார்கள். ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. முஹாஜிர்களைக் கேட்டார்கள்; அன்சாரிகளைக் கேட்டார்கள்; முடிவில் குறைஷி முதியோரையும் கேட்டு, திரும்புவதென்று தீர்மானித்தார்கள். அபூஉபைதா (ரலி) அவர்களோ, இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என வினவினார்கள். ஆம், இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற பொருள்பட விடையளித்த உமர் (ரலி), உவமையொன்றும் கூறினார்கள். இருபக்கச் சரிவுள்ள பள்ளத்தாக்கு ஒன்று. ஒரு சரிவு பசுமை, மறு சரிவு வறட்சி. ஒட்டகங்களை எந்தச் சரிவில் மேய்த்தாலும் அது இறைவிதிதான் அன்றோ என்று கேட்டார்கள்.

அவர்கள் எடுத்த உவமையே மலைச்சரிவாக இருப்பதை எண்ணி வியக்கிறேன். மேய்ப்பன் பசுஞ்சரிவைத் தேர்வது விதியை மறுப்பதாகாது. திரும்புவது கோழைத்தனமும் ஆகாது. உச்சிக்கு அரைமணி நேரத் தொலைவில் நின்றுகொண்டு, “மூடுபனி இறங்குகிறது, திரும்புவோம்” என்று கூறும் தலைவனைக் கூட்டத்தினர் முணுமுணுப்போடுதான் பார்ப்பர். பேருந்துக் கட்டணம் வீண், விடுப்பு வீண், படம் எடுக்கும் வாய்ப்பும் போயிற்று என்பர். அந்த முணுமுணுப்பைத் தாங்கும் உள்ளமும் பயிற்சியின் ஒரு பகுதியே. உச்சியை அடையும் ஆசை எல்லார்க்கும் இயல்பாக வரும். திரும்பும் துணிவு, திரும்பாதவர்களின் கதையை அறிந்தவனுக்கே வரும்.

அத்தகைய கதையொன்று ஸ்காட்லாந்து நாட்டின் கேர்ன்கார்ம் மலைமேட்டில் 1971 நவம்பரில் நிகழ்ந்தது. எடின்பரோ நகரப் பள்ளி மாணவர் சிலர் இரு குழுக்களாக மலைநடை சென்றனர். வலியவர் குழு ஒதுங்கிடம் சேர்ந்தது. மற்றக் குழுவை இளம்பெண் ஒருவர் வழிநடத்தினார். துணைக்கு வந்த பயிற்சியாளருக்கு வயது பதினெட்டே. பனிப்புயலில் ஒதுங்கிடத்தைக் கண்டடைய முடியாமல் அவர்கள் திறந்தவெளியில் இரவுகளைக் கழிக்க நேர்ந்தது. மாணவர் ஐவரும் அந்தத் துணைப் பயிற்சியாளரும் குளிரில் மாண்டனர். பிரிட்டனில் மலைக்குழுத் தலைவர்களுக்கான சான்றிதழ் முறை 1964இலேயே தொடங்கியிருந்தது. எனினும் சான்றிதழ் மட்டும் போதுமா, எத்தகைய நிலத்தில் எத்தனை நாள் நடந்து தேறியிருக்க வேண்டும் என்ற கேள்விகள் அந்தத் துயரத்திற்குப் பின்னரே நாடெங்கும் கூர்மையாக எழுந்தன.

இன்று அந்நாட்டில், மரமற்ற மேட்டு நிலங்களிலும் குன்றுகளிலும் நடைக்குழுக்களை அழைத்துச் செல்ல விழைவோர்க்கென்றே தனித்த பயிற்சி உண்டு. பயிற்சி வகுப்பு மூன்று நாள்; தேர்வு மூன்று நாள். ஆனால் வகுப்பில் நுழையும் முன்பே அத்தகைய நிலத்தில் குறைந்தது 20 நடைகள் நடந்து குறிப்பேட்டில் பதிந்திருக்க வேண்டும். தேர்வுக்கு வரும்போது அது 40 ஆகியிருக்க வேண்டும். முதலுதவிச் சான்றும் வேண்டும். மூன்று நாள் வகுப்புக்கு நாற்பது நாள் நடை என்ற இந்த விகிதத்தை எண்ணிப் பாருங்கள். நம் பழைய மதரஸாக்களிலும் இவ்வாறே அன்றோ? ஆசிரியர் ஒருமணி நேரம் ஓதிக் கொடுத்ததை மாணவன் இரவெல்லாம் திருப்பி ஓதுவான். ஏட்டறிவு காலடியில் இறங்கும் வரை அது பிறர்க்கு உதவாது.

அங்கே கற்பிப்பவை வியப்புக்குரியவை அல்ல. வரைபடத்தின் சமஉயரக் கோடுகளைக் கண்டு சரிவின் செங்குத்தை உணர்தல், திசைகாட்டியைக் கொண்டு மூடுபனியில் நேர்வழி பிடித்தல், முகிலையும் காற்றையும் படித்தல், குளிரில் விறைத்தவனையும் வெயிலில் மயங்கியவனையும் பேணுதல், குழுவின் களைப்பை முகத்தில் கண்டறிதல் ஆகியவையே. காலக் கணக்கும் ஒன்றுண்டு. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்தது. மணிக்கு மூன்று மைல் வீதம் நடைநேரத்தைக் கணக்கிட்டு, ஏறும் உயரத்தில் ஒவ்வோர் ஈராயிரம் அடிக்கும் மேலும் ஒருமணி நேரம் கூட்டுக என்பது அக்கணக்கு. ஆறு மைல் தொலைவும் ஈராயிரம் அடி ஏற்றமும் உள்ள பாதைக்கு மூன்று மணி நேரம். இதுவும் வலுவான கால்களுக்கே. சிறுவரும் முதியோரும் இருந்தால் இன்னும் கூட்ட வேண்டும். இச்சிறு கணக்கை அறிந்திருந்தால் லுஹருக்குப் பின் பிள்ளைகளைக் குன்றேற்றியிருப்பேனா?

இவையெல்லாம் மேனாட்டுச் சரக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டா. டார்ஜிலிங்கில் 1954இலும், உத்தரகாசியில் 1965இலும் மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் நம் நாட்டில் நிறுவப்பட்டன. அவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட பள்ளியொன்று தமிழிலேயே இருக்கிறது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை, போய் வந்தவன் போகாதவனுக்கு வழி சொல்லும் வகை அன்றோ? பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு 583 அடிகளில் மலைவழி கூறுகிறது. பரிசிலின் இனிமையை மட்டும் அது பேசவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே, பாம்பு உறையும் குழிகள் எங்கே, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்கள் எங்கே பாயும், எந்தப் பாறை வழுக்கும், அங்கே எதைப் பற்றிக்கொண்டு நடப்பது என ஒவ்வொன்றாக எச்சரிக்கிறது. பெருங்கௌசிகனார் அழகை மறைக்கவில்லை, அபாயத்தையும் மறைக்கவில்லை. இரண்டையும் சொல்பவனே வழிகாட்டி. அழகை மட்டும் சொல்பவன் விளம்பரக்காரன்.

குரங்கணிக்குப் பின் தமிழக அரசும் விழித்துக்கொண்டது. அதே 2018ஆம் ஆண்டில் மலைநடைக்கென ஒழுங்குமுறை விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை முறைப்படுத்தித் திறந்து, பழங்குடியினரும் மலையடிவாரத்தினருமான இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. நகரத்திலிருந்து செல்வோர், படிப்பில் தம்மினும் குறைந்தவர் என்று தாம் கருதும் ஒருவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு இது கசக்கிறது.

கசப்பவர்களுக்கு ஹிஜ்ரத்தின் ஒரு காட்சியை நினைவூட்ட விரும்புகிறேன். 622ஆம் ஆண்டில், மக்கத்துப் பகைவர்கள் வலைவீசித் தேடிக்கொண்டிருந்த வேளையில், நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் மதீனாவுக்கு வழிகாட்டக் கூலிக்கு அமர்த்தியவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். குறைஷிகளின் மார்க்கத்திலேயே இருந்தவர். அவரிடம் தங்கள் ஒட்டகங்களை ஒப்படைத்தார்கள். மூன்று இரவுகள் கழித்துத் தௌர் குகைக்கு வருமாறு கூறினார்கள். அவர் காட்டிய கடலோர வழியில் நடந்தார்கள். வஹீ இறங்கப் பெற்றவர்கள், பாதைக்குப் பாதையறிந்தவனைத் தேடினார்கள்! தேடியவை இரண்டே: வழியறிவும் நாணயமும்.

அந்த வழிகாட்டியைக் குறிக்க ஹதீஸில் வரும் சொல் ‘கிர்ரீத்’. தேர்ந்த வழிகாட்டி என்பது பொருள். ‘குர்த்’ எனும் ஊசிக்காதோடு அதைத் தொடர்புபடுத்துவர் அகராதியாசிரியர். ஊசியின் காதளவு இடைவெளியிலும் வழி காண்பவன் என்பது கருத்து. அத்தகைய கண், பாலைநிலத்தில் பிறந்து வளர்ந்து நடந்த ஒருவருக்கு வாய்த்தது. நம் மலைகளில் அது காணியருக்கும் இருளருக்கும் பளியருக்கும் வாய்த்திருக்கலாம். எங்கே இருக்கிறதோ அங்கே சென்று பணிவோடு பெறுவதே அறிவுடைமை.

இனி, அந்த மூதாட்டியின் கேள்விக்கு வருகிறேன். தலைவன் எங்கே நடக்க வேண்டும்?

அரபு மொழியில் இதற்கு இரு சொற்கள் உண்டு. கால்நடைகளை முன்னின்று கயிறு பிடித்து இட்டுச் செல்பவன் ‘காயித்’. பின்னின்று ஓட்டிச் செல்பவன் ‘ஸாயிக்’. தலைவன் என்ற பொருளில் உலகம் எடுத்துக்கொண்டது முதற்சொல்லை மட்டுமே. ஆனால் நாயகம் (ஸல்) அவர்களின் பயண வழக்கம் வேறாக இருந்தது. அவர்கள் பயணத்தில் பின்தங்கி வந்து, தளர்ந்தவரை ஊக்கி நடத்துவார்கள், நடக்க இயலாதவரைத் தம் வாகனத்தில் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள், அவர்களுக்காகத் துஆச் செய்வார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். கூட்டத்தின் தலைவர் கூட்டத்தின் கடைசியில்! துஆவும் அங்கேதான் கேட்கப்பட்டது, தளர்ந்தவனைத் தூக்கி ஏற்றிய கையோடு.

தாயிஃப் மலைநகரத்து ஸகீஃப் குலத்தார் இஸ்லாத்தை ஏற்றபோது, அவர்களுள் வயதில் இளையவரான உஸ்மான் இப்னு அபில்ஆஸ் (ரலி) தலைவராக்கப்பட்டார். தம்மைத் தம் மக்களுக்கு இமாமாக்குமாறு வேண்டிய அவரிடம், நீரே இமாம் என்று கூறிய நாயகம் (ஸல்), அவர்களுள் மிகத் தளர்ந்தவரைப் பின்பற்றி நடத்துமாறு பணித்தார்கள். அரபில் அங்கே வரும் வினை, மஃமூம் இமாமைப் பின்பற்றுவதைக் குறிக்கும் அதே வினை. இமாமைக் கூட்டம் பின்பற்றுகிறது. இமாமோ கூட்டத்தின் மிகத் தளர்ந்தவரைப் பின்பற்ற வேண்டும். ஆகவே தொழுகையின் நீளத்தை உண்மையில் அளப்பவர் கடைசி வரிசையில் முழங்கால் நோவோடு நிற்கும் முதியவர்.

மலையில் இது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. பயிற்சி பெற்ற தலைவர்கள் நடையின் வேகத்தை மெதுவாக நடப்பவரைக் கொண்டே அமைக்கின்றனர். முன்னே வழியறிந்த ஒருவர், பின்னே பொறுப்பறிந்த ஒருவர், அவர்க்குப் பின்னே யாருமில்லை என்ற ஒழுங்கை வகுக்கின்றனர். ஓய்வுக்கு நிற்கும்போது கடைசியாக வந்தவரும் மூச்சு வாங்கிய பின்னரே புறப்படுகின்றனர். நம்மில் பலர் செய்வது வேறு. முன்னே போனவர் நின்று இளைப்பாறிவிட்டு, பின்தங்கியவர் வந்து சேர்ந்த கணமே “புறப்படுவோம்” என்கிறோம். ஓய்வு தேவைப்படாதவனுக்கு ஓய்வு கிடைக்கிறது, தேவைப்பட்டவனுக்குக் கிடைக்கவில்லை. நம் குடும்பங்களிலும் பள்ளிகளிலும் இது நடக்கவில்லை என்று நெஞ்சில் கைவைத்துக் கூற முடியுமா? ஓட்டத்தில் முந்திய பிள்ளையைச் சுற்றி நின்று மகிழ்கிறோம். செருப்பு வார் அறுந்த பிள்ளை எந்தச் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

நல்லெண்ணம் வழி காட்டுமா? காட்டாது என்பதே என் விடை. நல்லெண்ணம் நம்மைக் கற்கச் செய்ய வேண்டும். கற்றதே வழி காட்டும். நிய்யத் என்பது செயலின் வாயில். வாயிலில் நின்றுகொண்டே வீட்டுக்குள் வந்துவிட்டதாக எண்ணுவோர் நம்மில் மிகப் பலர். பிறர்மேல் மெய்யான அன்புடையவன், அவர்களை அழைத்துச் செல்லும் முன், தான் அறியாதவை எவை என்று பட்டியலிடுவான். அன்பின் முதல் அடையாளம் அந்தப் பட்டியல்தான்.

இவற்றை அன்று மாலை அந்த இளைஞரிடம் இத்தனை விரிவாகச் சொல்லவில்லை. பதினொரு பிள்ளைகளின் கதையை மட்டும் சொன்னேன். அவர் தலைகுனிந்து கேட்டார். “அப்படியென்றால் போக வேண்டாம் என்கிறீர்களா ஹஸ்ரத்?” என்றார். “போக வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி; இப்போது போக வேண்டாம், இப்படிப் போக வேண்டாம் என்கிறேன்” என்றேன். முகத்தில் சற்று வருத்தத்தோடுதான் விடைபெற்றார்.

மழைக்காலம் கழிந்தபின் ஒருநாள் மீண்டும் வந்தார். இடையில் முதலுதவி வகுப்பொன்றில் சேர்ந்து பயின்றிருக்கிறார். தாம் மட்டும் இருமுறை, தேர்ந்த குழுக்களோடு, ஒரு தொண்டராக நடந்து பார்த்திருக்கிறார். அதன்பின்னரே பிள்ளைகளை, வனத்துறை வகுத்த பாதையொன்றில், அவ்வூர் வழிகாட்டியுடன் அழைத்துச் சென்றிருக்கிறார். பாதிக்கு மேல் ஏறியபின் மூடுபனி இறங்கியதாம். வழிகாட்டி திரும்பச் சொன்னாராம். உச்சியைக் காணாமலே திரும்பிவிட்டார்கள். பிள்ளைகளில் சிலர் இன்னும் அவரிடம் முகங்கொடுத்துப் பேசவில்லையாம்.

“உனக்கு வருத்தமில்லையா தம்பி?”

“முதலில் இருந்தது ஹஸ்ரத். நான் கடைசியில்தான் நடந்தேன். கடைசியில் நடந்தால் மலை அவ்வளவாகத் தெரிவதில்லை; முதுகுகள்தாம் தெரிகின்றன. பனியில் அவையும் மங்கின. கீழே வந்து சேரும் வரை பதினான்கு முதுகுகளையும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருந்தேன்.”

அன்று மாசி மாதத்தில் கேட்கத் தவறிய துஆவை அப்போது கேட்டேன். பிறரை நடத்திச் செல்லும் பொறுப்பை ஏற்ற ஒவ்வொருவருக்கும், கற்கும் பணிவையும், திரும்பும் துணிவையும், கடைசியில் வருபவரைக் காணும் கண்ணையும் வல்ல நாயன் அருள்வானாக.